வலது சிலிண்டர்

சுவொலு, ஃபின்மார்க், வட நார்வே
5 பிப்ரவரி 1978

அன்புள்ள யொவ்னாவுக்கு,

அண்ணி ரிஸ்தென் எழுதுவது. நானும் இங்காவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? பேர்கனில் மழை ஒரு நாளாவது விட்டதா, இல்லை கப்பல் பட்டறையிலேயே பாசி பிடித்துக் கிடக்கிறாயா?

உன் அண்ணனை அடக்கம் செய்த அன்றைக்கே நீ பஸ் ஏறிவிட்டாய். வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் ஆளைக் காணவில்லை. கோபத்தில் எழுதவில்லை. துக்கம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி.

விஷயத்துக்கு வருகிறேன். கொட்டகையில் நின்ற அவருடைய ஸ்னோமொபைலைப் போன வாரம் வெளியே எடுத்தேன். மேட்டில் மேய்கிற நம் பனிமான் மந்தையைப் பார்க்க யாராவது போகவேண்டும், அந்த யாராவது இனி நான்தான். கயிற்றை இழுத்ததும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஏரி வரைக்கும் ஒழுங்காகப் போனது. ஏரியில் கொஞ்சம் வேகம் பிடித்ததும் மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது. வலது பக்கம் விட்டு விட்டு வேலை செய்கிறது, வண்டி இருமுகிறது. வேகத்தைக் குறைத்தால் சரியாகிறது. அன்றைக்குக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தைந்து டிகிரி.

எனக்கு ஏன் இது முக்கியம் என்று சொல்கிறேன். அவருடைய வண்டியைப் பனிமேட்டில் கண்டெடுத்த, நம் மேய்ச்சல் கூட்டத்து ஹெய்க்கா ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிகிறான். "நீலாஸ் வண்டி மூணாவது இழுப்புல ஸ்டார்ட் ஆச்சு. நல்லா ஓடற வண்டிய நடுக்காட்டுல விட்டுட்டு எந்தப் புத்தியுள்ளவன் நடப்பான்? பெட்டியில புட்டி வேற கிடந்துச்சு." அந்தப் புட்டியில் இருந்தது பெட்ரோலில் தண்ணீர் உறையாமலிருக்க ஊற்றுகிற ஸ்பிரிட். ஹெய்க்காவின் பெட்டியிலும் அதே போல ஒரு புட்டி உண்டு. ஆனால் உன் அண்ணன் ஒரு காலத்தில் குடித்தவர். நான்கு வருடமாக விட்டிருந்தார் என்பதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

போன சனிக்கிழமை விடுதிப் பள்ளியிலிருந்து வந்த இங்கா காலணியைக்கூடக் கழற்றாமல் கேட்டாள், "அப்பா குடிச்சிருந்தாராம்மா?" ஒன்பது வயசுப் பிள்ளை.

அவர் ஏன் வண்டியை விட்டுவிட்டு நடந்து பனியில் உறைந்து இறந்தார் என்று எனக்குத் தெரிந்தாகவேண்டும். செப்டம்பரில் அந்த எஞ்சினைப் பிரித்து மாட்டியது நீ. உனக்குத் தெரியாத எஞ்சின் கிடையாது. நான் என்ன பார்க்கவேண்டும், எந்த வரிசையில் பார்க்கவேண்டும் என்று எழுது. கடையில் டெலிபோன் இருக்கிறது, ஆனால் அங்கே நான் பேசினால் மாவு வாங்க வந்தவர்கள் எல்லாரும் மாவை மறந்துவிட்டு நிற்பார்கள். அதனால் கடிதமே எழுது.

வயிற்றுக்குச் சரியாகச் சாப்பிடு. காய்ந்த இறைச்சி கொஞ்சம் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அண்ணி ரிஸ்தென்


பேர்கன்
14 பிப்ரவரி 1978

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

யொவ்னா எழுதுகிறேன். உங்கள் கடிதமும் இறைச்சியும் ஒரே நாளில் வந்தன. எனக்கு உடம்பு பரவாயில்லை. மழை விடவில்லை. இங்கே குழந்தைகள் குடையோடு பிறக்கிறார்கள் என்று பட்டறையில் சொல்வார்கள்.

அன்றைக்குச் சொல்லாமல் வந்ததற்கு மன்னியுங்கள். உள்ளே உட்கார என்னால் முடியவில்லை.

அண்ணன் குடித்திருக்கமாட்டார். இதை யார் கேட்டாலும் நான் சொல்வேன்.

மிஸ்ஸிங்குக்கு முதலில் பிளக்கைப் பாருங்கள். இரண்டு பிளக்கையும் கழற்றி வலதை இடதிலும் இடதை வலதிலும் மாட்டி ஓட்டுங்கள். கோளாறு இடது பக்கம் போய்விட்டால் பிளக்தான் கெட்டது, புதிது போட்டால் தீர்ந்தது. போகாவிட்டால் பிளக் ஒயரின் மூடியை உலர்த்தி, முனையைக் கொஞ்சம் வெட்டித் திரும்ப மாட்டுங்கள். பழைய ஒயர் குளிரில் வெடித்துவிடும். டாங்கிலிருந்து வரும் பெட்ரோல் குழாயை மடித்துப் பாருங்கள், விரிசல் இருந்தால் காற்று இழுக்கும். ஃபில்டரில் பனிக்கட்டி இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

ஆனால் அண்ணி, ஒன்று சொல்கிறேன். அது பத்து வருஷத்து வண்டி. அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள். இலையுதிர்காலத்துக்குள் வேறு ஒரு வண்டி நானே பார்த்து அனுப்புகிறேன். அதுவரை ஹெய்க்காவோ மற்றவர்களோ உங்கள் மான்களையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

இங்காவுக்கு ஒரு பென்சில் பெட்டி அனுப்பியிருக்கிறேன். குளிரில் தனியாகத் தூரம் போகாதீர்கள்.

உங்கள் யொவ்னா


சுவொலு
24 பிப்ரவரி 1978

அன்புள்ள யொவ்னாவுக்கு,

இங்கே இருவரும் சுகம். பென்சில் பெட்டியை இங்கா தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். சித்தப்பாவுக்கு முத்தம் என்று எழுதச் சொன்னாள்.

ஹெய்க்கா என் மான்களைப் பார்த்துக்கொள்ளவேண்டுமா? நல்ல யோசனை. என் புருஷனைக் குடிகாரன் என்று சொல்கிறவன் வீட்டு வாசலில் போய் நின்று, "அண்ணே, என் மான்களையும் கொஞ்சம் பாருங்க" என்று கேட்கிறேன். உனக்கு மழையில் மூளை ஊறிவிட்டது.

நீ சொன்னதை எல்லாம் ஒன்றுவிடாமல் செய்தேன். பிளக்கை மாற்றி மாட்டினேன். கோளாறு இடத்தைவிட்டு நகரவில்லை, வலதிலேயே இருக்கிறது. ஒயரை வெட்டி மாட்டினேன், அதுவும் இல்லை. குழாயில் விரிசல் கிடையாது. ஃபில்டரில் பனிக்கட்டியும் கிடையாது. பத்து டிகிரி, பதினைந்து டிகிரி குளிரில் வண்டி சமர்த்தாக ஓடுகிறது. முப்பதைத் தாண்டினால்தான் இருமல்.

இன்னொன்று. ஏரியில் நல்ல வேகத்தில் போய், அப்படியே எஞ்சினை நிறுத்தி, அங்கேயே பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். உன் அண்ணன் அப்படித்தான் பார்ப்பார். இடது பிளக் காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. வலது பிளக் வெள்ளை வெளேரென்று இருந்தது. வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சரிதானே?

எஞ்சின் மூடியின் உள்பக்கத்தையும் பார்த்தேன். எஞ்சினைத் திறந்தவன் தேதியையும் செய்த வேலையையும் அங்கே பென்சிலால் எழுதவேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம், உனக்குத் தெரியாததா? உன் அண்ணன் கையெழுத்தில் பத்து வருஷ வரிகள் இருக்கின்றன. கடைசி வரி போன மார்ச்: "இரண்டு ஜெட்டும் 280." பெட்ரோலை அளந்துவிடும் துளையின் அளவுதானே ஜெட் எண்? அந்த வரிக்குக் கீழே ஒன்றும் இல்லை. செப்டம்பருக்கு ஒரு வரியும் இல்லை. நீ சுத்தம் மட்டும்தான் செய்தாய், வேறு எதையும் மாற்றவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

சீக்கிரம் எழுது. ஏப்ரல் கடைசியில் மந்தையைக் கடலோரத்துக்கு ஓட்டவேண்டும். அதற்குள் இந்த வண்டி சரியாகவேண்டும், அல்லது இதற்கு என்ன கேடு என்றாவது எனக்குத் தெரியவேண்டும்.

தொண்டைக் கரகரப்பு என்று போனமுறை வந்தபோது சொன்னாயே, இப்போது தேவலையா?

அண்ணி


பேர்கன்
19 மார்ச் 1978

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. ஒரு கப்பலை அவசரமாக முடித்துக் கொடுக்கவேண்டியிருந்தது, ஞாயிற்றுக்கிழமையும் வேலை. தொண்டை சரியாகிவிட்டது. உங்களுக்கும் இங்காவுக்கும் எதுவும் வராமல் இருக்கவேண்டும்.

பிளக் வெள்ளையாக இருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் பலவீனமானாலும் ஒரு பக்கம் விட்டு விட்டு வேலை செய்யும். வலது காயிலையும் இடது காயிலையும் மாற்றி மாட்டிப் பாருங்கள். அதுவும் இல்லை என்றால் கிராங்க் தண்டின் வலது பக்க ரப்பர் சீல் தேய்ந்து காற்று இழுக்கலாம். சீல் குளிரில் இறுகும், அதனால்தான் முப்பதுக்கு மேல் கோளாறு வருகிறது என்று நினைக்கிறேன். அந்த சீலை வீட்டில் மாற்ற முடியாது, எஞ்சினை முழுக்கப் பிரிக்கவேண்டும்.

கார்புரேட்டரைத் திறக்கவேண்டாம். அதைச் செப்டம்பரில் நானே சுத்தம் செய்தேன், அது சரியாகத்தான் இருக்கும். திறந்தால் சின்னச் சின்ன உருப்படிகள் பனியில் விழுந்து தொலைந்துவிடும்.

வண்டியைப் பாதி வேகத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். தனியாகப் போகவே போகாதீர்கள். கடலோரத்துக்கு இந்த வண்டியில் போகவேண்டாம் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கா நன்றாகப் படிக்கட்டும்.

யொவ்னா


சுவொலு
28 மார்ச் 1978

அன்புள்ள யொவ்னாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். வெளிச்சம் வந்துவிட்டது, பனியில் கண் கூசுகிறது. உனக்கு ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வு இல்லை என்று படித்து வருத்தமாக இருந்தது.

காயிலை மாற்றி மாட்டினேன். கோளாறு அப்படியே இருக்கிறது. கார்புரேட்டரை நீ திறக்கவேண்டாம் என்றாய், திறக்கவில்லை.

எனக்கு ஒரு சின்ன சந்தேகம். செப்டம்பரில் நீ வந்திருந்தபோது உன் அண்ணன் ஊரில் இல்லை, மேட்டில் மான்களோடு இருந்தார். நானும் மூன்று நாள் என் அக்கா வீட்டில் இருந்தேன். நீ தனியாகத்தான் கொட்டகையில் வேலை செய்தாய், காலை பஸ்ஸில் போய்விட்டாய். அவர் திரும்பி வந்ததும் கேட்டார், "யொவ்னா ஏதாச்சும் சொல்லிட்டுப் போனானா?" நான் இல்லை என்றேன். "அப்ப சரி, எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்றார். உன் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. நீ கை வைத்த எஞ்சினைத் திரும்பத் திறந்து பார்ப்பது உன்னை அவமானப்படுத்துவது போல என்பார்.

ஏதாவது சொல்ல நினைத்து மறந்து போயிருந்தால் இப்போது சொல்லலாம். என்னிடம் சொல்ல எதற்குத் தயங்கவேண்டும்? பத்து வருஷம் உனக்குக் காலுறை பின்னிக் கொடுத்தவள் நான்.

இங்கா இரண்டு வாரமாக வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறாள். பஸ்ஸில் ஹெய்க்காவின் மகளும் வருகிறாளாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


சுவொலு
11 ஏப்ரல் 1978

யொவ்னாவுக்கு,

இரண்டு வாரமாக உன் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

நேற்று எங்கள் மேய்ச்சல் கூட்டத்தின் ஆட்கள் எல்லாரும் கூடினோம். யார் எப்போது கிளம்புவது, யார் மந்தையின் முன்னால் போவது என்று பேசும்போது ஹெய்க்கா எழுந்தான். "ரிஸ்தென் வண்டியெல்லாம் ஓட்டவேணாம், பெட்டியோட பெட்டியா பின்னால இழுக்கற சறுக்குவண்டியில உக்காந்து வரட்டும். அந்த வீட்டுல ஒருத்தர் போனது போதும்" என்றான். சிலர் சிரித்தார்கள். அவன் சொன்னதில் அக்கறையும் இருந்தது.

ஏப்ரல் 25-ம் தேதி கிளம்புகிறோம். உன் அண்ணனின் வண்டியில்தான் நான் போகிறேன். அவர் நின்ற அதே மேட்டைத் தாண்டித்தான் வழி. மேட்டில் இன்னும் குளிர் இறங்கவில்லை.

இங்கா சுகம். உன் சுகத்துக்கு எழுது. எதையாவது எழுது.

ரிஸ்தென்


தந்தி
பேர்கன், 17 ஏப்ரல் 1978

வண்டியில் போகாதீர்கள். வலது கார்புரேட்டர். கடிதம் வருகிறது. யொவ்னா.


பேர்கன்
17 ஏப்ரல் 1978

அண்ணி,

தந்தி கிடைத்திருக்கும். எல்லாரும் நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் கேட்கிறேன். நீங்களும் இங்காவும் நலமாக இருக்கவேண்டும்.

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதையும் கிழித்துப் போட்டுவிடுவேன். மூன்று கடிதம் கிழித்தாகிவிட்டது.

செப்டம்பரில் வலது கார்புரேட்டரைப் பிரித்தபோது ஜெட் இறுகியிருந்தது. பித்தளைதானே, நான் திருப்புளியை அழுத்தியதில் தலை பிய்ந்துவிட்டது. அன்று ஞாயிறு, கடை கிடையாது. மறுநாள் காலை எனக்கு பஸ். கொட்டகைக்குப் பின்னால் கிடந்த பழைய வண்டியிலிருந்து ஒரு ஜெட்டைக் கழற்றி மாட்டினேன். அது 220, துளை சின்னது, பெட்ரோல் குறைவாக வரும். இலையுதிர்காலத்துக்கு அது போதும், வண்டி ஓடும். குளிர் இறுகினால் காற்று கனமாகிவிடும், அதற்கு 280 இல்லாமல் முடியாது. குளிர் வருவதற்குள் அண்ணன் மாற்றிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். மூடியில் எழுதவேண்டும் என்று பென்சிலைத் தேடினேன். கிடைக்கவில்லை. ஊர் போனதும் கடிதம் போட்டுவிடலாம் என்று கிளம்பினேன்.

பேர்கன் வந்தேன். வேலை இருந்தது. அடுத்த வாரம் எழுதலாம் என்று தள்ளிவைத்தேன். அக்டோபரில் ஒரு நாள் ஞாபகம் வந்தது, அன்றைக்குக் கையில் தபால்தலை இல்லை. அதற்குப் பிறகு அண்ணன் எப்படியும் கண்டுபிடித்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எஞ்சினில் கை வைக்கும்போது ஒரு வேலையும் விடமாட்டேன் அண்ணி. ஒரு வரி எழுதுவதை விட்டுவிட்டேன்.

ஜனவரியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். நேரில் பார்க்காவிட்டாலும் தெரியும். நாற்பது டிகிரி குளிரில் முழு வேகத்தில் ஏரியைத் தாண்டி மேட்டில் ஏறியிருப்பார். வலது சிலிண்டருக்குப் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொண்டிருக்கும். எஞ்சின் அப்படியே நின்றுவிடும். கயிற்றை இழுத்தால் ஒரு விரற்கடைகூட அசையாது. எஞ்சின் செத்துவிட்டது என்று நினைத்துதான் நடந்திருக்கிறார். அது ஆறியதும் பிஸ்டன் விட்டுவிடும். அதனால்தான் இரண்டு நாள் கழித்து ஹெய்க்கா இழுத்தபோது மூன்றாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. ஆனால் அந்தக் காற்றில், அசையாத வண்டிக்குப் பக்கத்தில் ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் நிற்பார்? அண்ணன் குடிக்கவில்லை. நல்ல வண்டியை விட்டுவிட்டுப் போகவும் இல்லை. அவர் செய்தது சரி. நான் செய்ததுதான் தப்பு.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லாவிட்டால் மேலே எழுதியது எல்லாம் பொய்யாகிவிடும். அடக்கத்துக்கு வந்தபோது என் சட்டைப்பையில் ஒரு 280 ஜெட் இருந்தது. அண்ணன் வண்டியை விட்டு நடந்து உறைந்து போனார் என்று உங்கள் தந்தி வந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது, வழியில் வாங்கிக்கொண்டேன். யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம் என்று கொட்டகைக்குப் போனேன். அங்கே ஆண்கள் புகை பிடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். அவர்கள் நகரவில்லை. அதனால்தான் அன்றைக்கே பஸ் ஏறினேன். உங்களிடம் துக்கம் தாளாமல் போனதாக எழுதினேன்.

பிறகு உங்களைக் கார்புரேட்டரைத் திறக்கவேண்டாம் என்றேன். திறந்தால் எண்ணைப் பார்த்துவிடுவீர்கள் என்ற பயம். உங்களை அந்த வண்டியில் வைத்துக்கொண்டு அப்படி எழுதினேன். எழுதிவிட்டுச் சாப்பிடவும் செய்தேன்.

இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். இங்காவுக்குப் படித்துக் காட்டுங்கள். மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டால் அது இன்னொரு திருட்டுத்தனம்.

யொவ்னா


கடலோர முகாம்
21 மே 1978

யொவ்னாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகமாக வந்து சேர்ந்தோம். மான்கள் குட்டி போட ஆரம்பித்துவிட்டன, அதனால் கை ஒழியாமல் இருந்தது. ஒரு மாதம் உன்னைக் காக்கவைத்ததற்கு அது மட்டும் காரணம் இல்லை. எழுதப் பிடிக்கவில்லை.

உன் கடிதம் ஏப்ரல் 22-ம் தேதி வந்தது. படித்துவிட்டு வெளியே போய் விறகு வெட்டினேன். தேவைக்கு மேல் வெட்டினேன். உன்னை என்னென்னவோ திட்டினேன், அதை எழுதமாட்டேன்.

இப்போது என் முறை. நான் உனக்குச் சொன்ன பொய்யைச் சொல்கிறேன்.

உன் பதில் வரும் வரும் என்று பார்த்து அலுத்து, மார்ச் ஆறாம் தேதியே அந்தக் கார்புரேட்டரைத் திறந்துவிட்டேன். பனியில் எதையும் தொலைக்கவில்லை, சமையல் மேசையில் துணி விரித்துத் திறந்தேன். இடதில் 280, வலதில் 220. சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். வலது பிஸ்டனில் நகத்தால் கீறியது மாதிரி கோடுகள்.  மறுநாள் கடையில் 280 ஒன்று வாங்கி மாட்டினேன். அன்றிலிருந்து வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை. முப்பத்தேழு டிகிரியிலும் இருமவில்லை. அதற்குப் பிறகு உனக்கு மிஸ்ஸிங் என்று எழுதியதெல்லாம் பொய். காயிலை நான் தொடவே இல்லை.

ஏன் நேராகக் கேட்கவில்லை என்று நினைப்பாய். அந்தப் பித்தளைத் துண்டை ஹெய்க்காவிடம் காட்டினால் என்ன சொல்லியிருப்பான்? "இத நீலாஸே மாட்டியிருப்பான், போதையில நம்பர் தெரிஞ்சிருக்காது" என்றிருப்பான். நீ மாட்டினாய் என்பதற்கு உன் வாயைத் தவிர வேறு சாட்சி கிடையாது. உன்னைக் கேட்டு நீ இல்லை என்று எழுதிவிட்டால் உன் அண்ணன் செத்தும் பழியோடு கிடப்பார், எனக்கும் மைத்துனன் என்று ஒருவன் இல்லாமல் போவான். அதனால் காத்திருந்தேன். "கார்புரேட்டரைத் திறக்கவேண்டாம்" என்று உன் கடிதம் வந்தபோது அந்த 220 ஜெட் என் முன்னால் சாசரில் கிடந்தது. அன்றைக்கு உன்னை நான் வெறுத்தேன், யொவ்னா. அதை மறைக்கமாட்டேன். அப்புறம் நானும் ஐந்து வாரம் உண்மையை மென்று முழுங்கிக்கொண்டு, நலமா சுகமா என்று உனக்கு எழுதினேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? அதில்தான் எனக்கே பயம் வந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் எல்லாரும் ஹெய்க்காவின் வீட்டில் கூடியிருந்தோம். உன் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படித்தேன். சட்டைப்பையில் இருந்த ஜெட்டையும் விடவில்லை.  ஹெய்க்கா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். "பிஸ்டன் புடிச்சுக்கிட்ட எடத்த இன்னொரு தடவ படி" என்றான். படித்தேன். "நான் அத ஓட்டிட்டு வந்தப்பவும் வலது பக்கம் இருமிச்சு ரிஸ்தென். குளிருன்னு நெனச்சுட்டேன். அதப்பத்தி நான் யார்கிட்டயும் சொல்லல. புட்டியப்பத்தி மட்டும் சொன்னேன்" என்றான். எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு, "பாப்பாகிட்ட நானே போய்ச் சொல்றேன்" என்றான்.

போனான். அன்று மதியமே விடுதிக்குப் போய், பிள்ளைகள் சாப்பிடுகிற கூடத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று சொன்னானாம். "உங்க அப்பா குடிக்கல. நான் தப்பாச் சொல்லிட்டேன்." அவன் மகளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். இங்கா அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள்.

மேட்டை நான் வண்டியில்தான் தாண்டினேன், மந்தைக்கு முன்னால். அவர் நின்ற இடத்தில் நிறுத்தி இறங்கினேன். அங்கே என்ன பேசினேன் என்பது எனக்கும் அவருக்கும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. வருமா என்றும் தெரியாது. தப்பான ஜெட்டை யார் வேண்டுமானாலும் மாட்டியிருப்பார்கள். அவர் தான் நம்பிய ஒரே ஒருத்தனிடமிருந்து ஒரு வரிக்குக் காத்திருந்தார் என்பதுதான் என் நெஞ்சில் நிற்கிறது.

ஜூலையில் குட்டிகளுக்குக் காதில் அடையாளம் வெட்டுகிறோம். உன் அண்ணனின் அடையாளம் இனி இங்காவுடையது. அவளுக்குக் கை இன்னும் பழகவில்லை, குட்டியைப் பிடித்துக்கொள்ள அவள் ரத்தத்தில் ஒரு ஆள் வேண்டும். உன் கடிதத்தை அவளும் படித்தாள். முழுவதும் படித்தாள். அழுது முடித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அப்புறம் கேட்டாள், "சித்தப்பா வருவாரா?"

வருவார் என்று சொல்லிவிட்டேன். நான் முதல் இரண்டு மூன்று நாள் உன்னோடு பேசமாட்டேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் பிள்ளையிடம் நான் சொன்னது பொய்யாகக் கூடாது. இந்தக் குடும்பத்தில் இதுவரை சொன்ன பொய்கள் போதும்.

மழையில் நனையாதே.

ரிஸ்தென்